அம்மா பேரில் போட்ட சீட்டு

12.6.2006, திங்கள்

காலையிலேயே வெயில். பீங்கான் கம்பெனியில் கரண்ட் இல்லை. மேனேஜரும் இல்லை. பில் புத்தகம் சும்மா கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ரேடியோவில் ஒரு டாக்டர் சொன்னது: மனதில் இருப்பதைத் தினமும் கொஞ்சம் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். காட்ட வேண்டாம் என்றதால்தான் துணிச்சல்.

மனதில் இருப்பவை:

நெஞ்சு படபடப்பு. பஸ்ஸில், கூட்டத்தில், யாராவது திடீரென்று பேர் சொல்லிக் கூப்பிட்டால். அந்த நேரம் செத்துவிடுவேன் என்றே தோன்றும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடங்கிய பிறகு, மறுபடி எப்போது வருமோ என்ற பயம்.

தூக்கம் சரியில்லை.

ஜெனி போன் பண்ணுவதில்லை.

மூன்றாவது நோய் அல்ல. கை தானாக எழுதிவிட்டது. இருக்கட்டும்.

ஜெனி சிதம்பரம் ஹாஸ்டலில் என் அறைத் தோழி. மூன்று வருடம். ஊர் சேத்தியாத்தோப்பு. அவள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் அவள். எங்கள் வீட்டில் நான். இரண்டு பேருக்கும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஒருத்தியை ஒருத்தி கேட்டோம். செமினார் என்றால் என்ன, எழுந்து நின்றா பேச வேண்டும், என்ன செருப்பு போட வேண்டும், எல்லாம்.

படபடப்பு முதலில் வந்தது அங்கேதான், பரீட்சை ஹால் வராந்தாவில். ஜெனி என் கட்டை விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஊருக்குப் போற வழிய சொல்லு" என்றாள். புவனகிரி, சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம் என்று விருத்தாசலம் வரை சொன்னேன். "எங்க ஊர்ல எறங்காம போறியே, திமிருடி ஒனக்கு" என்றாள். சிரித்துவிட்டேன். போய்விட்டது.

கரண்ட் வந்துவிட்டது.

14.6, புதன்

நூலகம். "உடல்நலம்" என்று எழுதிய அலமாரி. சர்க்கரை நோய்க்கு நிறைய. மூலத்துக்கு இரண்டு. ஞாபக சக்திக்கு ஒன்று. மனதுக்கு, அடியில் ஒரே ஒரு புத்தகம், அட்டை இல்லாமல். எடுத்து ஒரு சமையல் புத்தகத்தின் நடுவில் செருகிப் படித்தேன். நல்ல புத்தகம்தான். படபடப்பைப் பற்றிய அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் பக்கங்கள் இல்லை. யாரோ பிளேடால் அறுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

முதலில் கோபம். பிறகு ஒரு சந்தோஷம். இந்த ஊரில் இன்னொருவருக்கும் இருக்கிறது. அவர் யாராக இருக்கும்? என்னைப் போல பஸ் ஸ்டாண்டில் நின்று, பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவராக இருக்கலாம். பக்கங்கள் அவருக்கு உதவியதா என்று கேட்க ஆசை.

மீதிப் பக்கங்களிலிருந்தும் ரேடியோவிலிருந்தும் சேர்த்தவை: சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். தினமும் நடக்கவும். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடவும். நம்பிக்கையான ஒருவரிடம் பேசவும்.

முதல் மூன்றை நாளையிலிருந்து.

15.6, வியாழன்

மூச்சுப் பயிற்சி, மதியச் சாப்பாட்டுக்குப் பின், பேக்கிங் அறை மூலையில். கண்ணை மூடி இழுத்து விட்டேன். வைக்கோல் தூசு. தும்மல்.

சரோஜா அக்கா பார்த்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவள். எங்கள் தெருதான். வேறொரு பீங்கான் கம்பெனியில் மண் குழைக்கும் அம்மாவுக்கு நல்ல பழக்கம்.

"என்னாடி புவனா, பெருமூச்சு பலமா இருக்குது? மாப்ள ஞாபகமா?"

"இல்லக்கா. சளி."

"சளிக்கு எதுக்குடி கண்ண மூடுற? கண்ணுல பாக்குறவன் மூக்குல வந்துட்டானா?"

எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். இனி கக்கூஸில் வைத்துக்கொள்ள வேண்டும் பயிற்சியை.

17.6, சனி

நடப்பது நினைத்ததுபோல் இல்லை. காரணம் இல்லாமல் ஒரு பெண் தெருவில் நடக்க முடியாது. கையில் பை இல்லாமல் போனால் எல்லார் கண்ணும் கையையே பார்க்கிறது.

"எங்கம்மா போற?" "சும்மாங்க." "சும்மான்னா?" திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று காலிப் பையோடு போனேன். "கடைக்கா? அப்படியே எனக்கும் கொத்தமல்லி வாங்கியாந்துரு." வாங்கி வந்தேன். நடந்த கணக்கில் சேருமா தெரியவில்லை.

இன்று வழி கண்டுபிடித்தேன். பெரிய கோயில். வெளிப் பிரகாரத்தை எத்தனை தடவை சுற்றினாலும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. கல் தரை, சாயங்காலம் சூடு இறங்கியிருந்தது, மணிமுத்தாற்றுப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று. சுற்றிச் சுற்றி வந்தேன். கால் வலித்தது, நன்றாக இருந்தது.

வெளியே பூ விற்கும் அம்மா கூப்பிட்டு, "நானும் பாக்குறன், இந்தச் சுத்து சுத்துற. என்னா வேண்டுதல்? கல்யாணமா?" என்றாள். தலையை ஆட்டினேன். ஒரு முழம் பூவை இலவசமாகக் கொடுத்து, "தையில ஆயிரும், போ" என்றாள்.

பொய்யாக வாங்கிய பூ. ஆனாலும் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

18.6, ஞாயிறு

பிரவுசிங் சென்டர், பாலக்கரை அருகில். பலகைத் தடுப்பு, ஒரு மின்விசிறி எல்லாருக்கும். ஓனர், "ரிசல்ட் பாக்கவா பாப்பா?" என்றார். ஆமாங்க என்றேன்.

ஆங்கிலத்தில் அடித்தேன்: இதயம் வேகமாக அடிப்பது, பயம், தூக்கம் இல்லை. வந்தது கடல். பாதிக்கு மேல் வேறு நாடுகள். உங்கள் ஊரின் எண்ணைச் சொன்னால் பக்கத்தில் ஆலோசகரைக் காட்டுவோம் என்றது ஒன்று. எங்கள் பின்கோடு போட்டேன். இல்லை என்றது.

ஒரு பக்கம் மட்டும் நிதானமாகப் பேசியது. இந்தப் படபடப்பால் உயிர் போகாது. அலை மாதிரி ஏறி, தானே இறங்கும். நிறையப் பேருக்கு வருவது, குணமாவது, டாக்டரைப் பாருங்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். ஜெனி சொன்னதேதான். இதுக்குன்னு டாக்டர் இருக்காங்க புவி, நம்ம போவோம், நான் கூட வரேன், என்றாள் மாசி மாதம் போனில். வீட்டு போனில் நான் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படியில்.

"நம்ம போவோம்." அந்த "நம்ம"வை இன்னும் வைத்திருக்கிறேன்.

எழுந்தபோது ஓனர், "ரிசல்ட் வந்துருச்சா?" "இன்னும் வரலங்க." "வந்துரும், கவலப்படாத" என்றார். நல்ல மனிதர்.

19.6, திங்கள்

எங்கள் போனில் வெளியே பேச முடியாது, வருவது மட்டும்தான். ஆகவே டீக்கடை ஒரு ரூபாய் போன். ஜெனி வீட்டில் போன் கிடையாது. பக்கத்து அரிசி மில்லில் சொன்னால் கூப்பிட்டு விடுவார்கள். எண் மனப்பாடம். போட்டேன். "ஹலோ, மில்லு" என்று ஆண் குரல். கட் பண்ணிவிட்டேன்.

என்ன சொல்வது? ஏன் பேசுவதை நிறுத்தினாய் என்றா? சித்திரைக்குப் பிறகு அவளிடமிருந்து போனே இல்லை. பிடிக்காமல் போனவளைப் பின்னால் போய்க் கேட்பதா? வேலை கிடைத்திருக்கலாம். புதுத் தோழி கிடைத்திருக்கலாம். எப்போதும் அழுகிற ஒருத்தியை யார் எத்தனை நாள் தாங்குவார்கள்?

சேத்தியாத்தோப்பு இங்கிருந்து ஒரு பஸ். அவ்வளவுதான் தூரம். அந்த பஸ்ஸில் ஏற முடியவில்லை என்பதுதான் என் வியாதியே.

ஹாஸ்டலில் விளக்கை அணைத்த பிறகு, "புவி, தூங்கிட்டியா?" என்பாள். "தூங்கிட்டேன்" என்பேன். உடனே தூக்கம் வரும். தூக்கத்துக்கு வேறு மருந்து அப்போது தேவைப்படவில்லை.

21.6, புதன்

தண்ணீர்க் குழாயடியில் அம்மாவும் சரோஜா அக்காவும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"கட்டிட்டு வந்தியே அஞ்சலை, என்னா ஆச்சு?"

"பாதி பலிச்சிருச்சி. அந்தப் பொண்ணு போனு வர்றது நின்னு போச்சி. இது தூங்கறதுதான் இன்னும் சரியாவல."

"மூணு மாசம் டைமு இருக்குதுல்ல. சாமி வுடாது."

"எம் பொண்ண பைத்தியக்கார டாக்டருகிட்ட இட்டுக்கிட்டுப் போறேங்குறா அவ, சரோசா. யாரு வூட்டுப் பொண்ணுக்கு யாரு பட்டம் கட்டுறது? அதான் பேரு, ஊரு எல்லாம் எழுதிக் கட்டிட்டேன்."

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மணவாளநல்லூர் கோயிலில் பிராது கட்டுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. கோர்ட்டுக்குப் போக முடியாதவர்கள் அங்கே போவார்கள். கோழி திருட்டு, சொத்துத் தகராறு, ஓடிப்போன புருஷன். யார் மேல் குறை என்று சாமிக்கு மனு எழுதி, பூசை வைத்து, வெளியே முனியப்பர் சந்நிதி சூலத்தில் பொட்டலமாகக் கட்டிவிட்டு வர வேண்டும். எந்த ஊரிலிருந்து வருகிறோமோ அந்தத் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். சாமி நடந்து வர வேண்டுமே.

அம்மா ஜெனி மேல் கட்டியிருக்கிறாள். எதிரி: சேத்தியாத்தோப்பு ஜெனிட்டா. குறை: என் மகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

என் தூக்கத்தைக் கொடுத்தவள் மேல்.

கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். நம்பக்கூடாது. ஆனால் கட்டியது சித்திரையில். போன் நின்றதும் சித்திரையில். சூலத்தில் அவள் பேர் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பது கண்ணில் நிற்கிறது. பாவம், சர்ச்சுக்குப் போகிற பெண். அவளை எங்கள் சாமி எப்படி விசாரிப்பார்?

அம்மாவிடம் கேட்கவில்லை.

23.6, வெள்ளி

சரோஜா அக்கா கையில் வெட்டு. உடைந்த ஜாடி. ரத்தத்தைப் பார்த்து அவளே மயக்கம். மேனேஜர் என்னைக் கூட அனுப்பினார், சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு. டிடி ஊசி வரிசையில் நின்றபோது படபடப்பு மேலே வந்தது. சுவரில் இருந்த எல்லா எழுத்தையும் படித்தேன், வேறு வழியில்லாமல். எச்சில் துப்பாதீர். லஞ்சம் கொடுக்காதீர். அதற்குக் கீழே, சாக்பீஸில்: மனநல மருத்துவர் வருகை, செவ்வாய், எக்ஸ்ரே அறை எதிரில்.

புத்தகத்தில் அறுக்கப்பட்டிருந்தது, கம்ப்யூட்டரில் அமெரிக்காவில் இருந்தது. இங்கே, டவுன் பஸ் கூட வேண்டாத தூரத்தில், சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"என்னாடி வாயப் பொளந்துக்கிட்டுப் படிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

சரோஜா அக்கா பலகையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், மெதுவாக. படித்து முடித்து என்னைப் பார்த்தாள். திரும்பும்போது கட்டுப் போட்ட கையை என் தோள் மேல் போட்டுக்கொண்டு வந்தாள். கிண்டல் இல்லை.

25.6, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செவ்வாய் போகிறேன் என்றேன். பிராது பற்றிப் பேசவில்லை. முறம் நின்றது.

"யாராச்சும் பாத்தா என்னா சொல்லுவாங்க? நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வரான்னா, இது அந்த வரிசையில நின்னுச்சேன்னு ஒரு வாய் போதும்."

"எனக்கு முடியலம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. அம்மா முறத்தில் கல் பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். பிறகு:

"நானும் வரேன். ஆனா நான் சொல்றபடி கேக்கணும்."

27.6, செவ்வாய்

எழுதியே ஆக வேண்டும். நடந்தது நடந்தபடி.

சீட்டுப் போடும் ஜன்னலில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. "பேரு?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை முழங்கையால் தள்ளிவிட்டு, "அஞ்சலை. வயசு நாப்பத்தஞ்சு" என்றாள்.

"அம்மா!"

"வாய மூடு. கல்யாணம் ஆவுற வரைக்கும் ஒம் பேரு இதுல ஏறக்கூடாது. டாக்டருகிட்ட ஒனக்குப் பண்றத எல்லாம் எனக்குப் பண்ணுதுன்னு நான் சொல்லிக்கிறேன். மாத்திரைய வாங்கியாந்து நீ முழுங்கிக்க."

இதற்குத்தான் வந்தாளா? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வரிசையில் எல்லாரும் பார்க்கிறார்கள். எனக்குச் சத்தம் போடத் தெரியாது. போனேன் பின்னாலேயே.

எக்ஸ்ரே அறை எதிரில் சின்ன அறை. டாக்டரம்மா, கடலூரிலிருந்து வருகிறவர், வயது அதிகம் இல்லை. "அஞ்சலை யாரு? உக்காருங்கம்மா. என்ன பண்ணுது?"

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க."

"எவ்வளவு நாளா?"

"காலேஜி படிக்கும்போதே வந்துருச்சிங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "காலேஜா?"

"ஆமாங்க. பி.எஸ்சி. கணக்கு."

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். நகக் கண்ணில் காய்ந்த பீங்கான் மண். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

அம்மா சொன்னாள். நான் அவளிடம் ஒரு நாளும் சொல்லாததை எல்லாம் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, பஸ்ஸு வரலன்னு பொய் சொல்றன். தட்டுல இட்லி வச்சா பாதி நாயிக்குப் போவுது. கோயில்ல சும்மா சுத்துறன், சாமியக் கூட பாக்குறதில்ல. ரேடியோவ காதுல ஒட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருக்கன். விடியக்காலம் கொல்லப்பக்கம் போயி நிக்கிறன்.

எனக்குத் தெரியாமல் இத்தனையும் பார்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன்.

"விடியக்காலம் நீங்க முழிச்சிருப்பீங்களா?"

"அது தூங்கலன்னா நான் எங்கங்க தூங்குறது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் கேட்காததுபோல் அடுத்த கேள்விக்குப் போனார்.

"மனசு விட்டுப் பேச யாராவது இருக்காங்களா?"

"ஒரு கூட்டாளி இருந்தா."

"இப்ப?"

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"போன் பண்ணுவாங்க. எங்கம்மா எடுத்து, அவ வூட்ல இல்லன்னு வச்சிருவாங்க. ஒரு தடவ இல்ல, அந்தப் பொண்ணு கூப்புட்டப்பல்லாம். கடேசியா ஒரு நா, இனிமே பண்ணாத, எம் பொண்ணுக்கு ஒன்னப் புடிக்கலன்னு சொல்லிட்டாங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பாமல் அம்மாவிடமே கேட்டார்.

"ஏம்மா அப்படிச் சொன்னாங்க, உங்கம்மா?"

"பயந்துட்டாங்க." அம்மாவின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அவகிட்ட பேசும்போது சிரிக்கிறா. எங்கிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா. என்னா படிச்சிருக்குறான்னே எனக்குத் தெரியாது, என்னா ஒடம்புக்குன்னும் தெரியாது. தெரிஞ்சவ ஒருத்தி இருக்கான்னதும் பயந்துட்டாங்க."

டாக்டர் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ வாம்மா, உக்காரு. உன் பேர் என்ன?"

"புவனேஸ்வரி."

வேறு சீட்டு எடுத்தார். என் பேரை எழுதினார். அம்மா தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னிடம் கேட்டார், நான் சொன்னேன், திக்கித் திக்கி. இது பதற்ற நோய், பைத்தியம் இல்லை, இதயத்தில் கோளாறும் இல்லை, குணமாகும் என்றார். சின்ன மாத்திரை. நடப்பதை விடாதே. பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் பழகு, முதலில் யார் கூடவாவது. சாயங்கால டீயை விட்டதைக் கேட்டு, "நீயாவே கண்டுபிடிச்சியா?" என்றார். கூச்சம்.

வெளியே வரும்போது அம்மாவிடம், "அடுத்த தடவ உங்க பேருக்கு உங்களுக்காகவே சீட்டு போடுங்க" என்றார். அம்மா தலையாட்டினாள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆட்டிக்கொண்டே வந்தாள்.

28.6, புதன்

அம்மாவோடு பேசவில்லை. காலையில் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். நானும் எடுத்துக் குடித்துவிட்டு வைத்தேன்.

எம் பொண்ணுக்கு ஒன்னப் புடிக்கல. அதைக் கேட்டுவிட்டு ஜெனி போனை எப்படி வைத்திருப்பாள்? டீக்கடையில் நின்றிருப்பாளா? மில்லிலிருந்தா, எல்லார் முன்னாலும்? சித்திரையிலிருந்து நான் அவளைக் குறை நினைத்ததுபோல், அவள் என்னைக் குறை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரு பஸ் தூரத்தில்.

மாத்திரை போட்டேன். வாய் உலர்கிறது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை.

கம்பெனியில் சரோஜா அக்கா: "போனீங்களா?" "ம்." "டாக்டரு நல்லவங்களா?" "ம்." கொஞ்ச நேரம் பொம்மைக்குப் புடவைக் கரை போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அடுத்த செவ்வாய் இருப்பாங்களாடி? எங்க வூட்ல ஒருத்தருக்குக் கேக்கணும்" என்றாள். யார் என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

29.6, வியாழன்

அம்மாதான் முதலில் பேசினாள். சோறு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"அந்த மில்லு நம்பரு இருக்குதா?"

நெஞ்சு அடித்தது. இது வேறு அடிப்பு. "இருக்குது. இப்பவே போறேன்."

"இப்ப வேணாம். மொதல்ல பிராத வாபஸ் வாங்கணும். கேசு நிலுவையில இருக்கும்போது எதிர்ப் பார்ட்டிகிட்ட பேசுனா சாமி குத்தம். கட்டுனவதான் வாங்கணும். நாளைக்கு லீவு சொல்லிட்டு வரேன்."

இன்னும் ஒரு நாள். சித்திரையிலிருந்து காத்திருந்ததைவிட இந்த ஒரு நாள் நீளம். ஆனால் அம்மா சொன்னதை மீறத் தோன்றவில்லை. அவளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது, அவள் நிற்க வேண்டிய ஜன்னல்.

கோபம் தீரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். சாதம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

30.6, வெள்ளி

மேகமூட்டம். மணவாளநல்லூருக்கு நடந்தே போனோம். டாக்டர் நடக்கச் சொன்னாங்கல்ல என்றாள் அம்மா. வழியில் இரண்டு பேர், எங்க போறீங்க? கோயிலுக்கு. மறு கேள்வி இல்லை.

அலுவலக ஜன்னலில் இருந்தவர் கேட்டார். "கொறை தீந்துச்சாம்மா?"

"கொறையே தப்புங்க. அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. நான்தான் தெரியாம கட்டிட்டேன்."

"அதெல்லாம் அவருகிட்ட சொல்லிக்குங்க. எனக்கு வாபஸுன்னா வாபஸுதான்."

அம்மா முனியப்பர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நீண்ட நேரம் நின்றாள். உதடு அசைந்தது. சூலத்தில் பொட்டலம் பொட்டலமாக, யார் யார் பேரோ. வரும்போது நெற்றியில் விபூதி வழிந்து மூக்குவரை இருந்தது. துடைத்துவிட்டேன்.

கோயில் வாசலை ஒட்டிய கடையில் ஒரு ரூபாய் போன். வீட்டுப் பக்கம் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். அம்மா அதற்குள் ரிசீவரை எடுத்துவிட்டாள். "நம்பர அழுத்து."

அழுத்தினேன். அம்மா போனில் எப்போதும் போன் இல்லாமலே சேத்தியாத்தோப்புக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள். "மில்லுங்களா? பக்கத்து வூட்டு ஜெனியக் கூப்புடுங்க. விருத்தாசலத்துலேருந்து. அவசரம்னு சொல்லுங்க. சாவு இல்ல, நல்ல அவசரம்."

காத்திருந்தோம், இருந்த ஒரு ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாகப் போட்டபடி. நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். அம்மா தரவில்லை. கடைக்காரர் தேங்காய் உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

"ஜெனியா? நான் புவனா அம்மா பேசுறேன். வச்சிராத பாப்பா, வச்சிராத. அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. அவ வூட்லதான் இருந்தா. எப்பவும் வூட்லதான் இருந்தா. ஒனக்காவ போன பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சி. இல்ல பாப்பா, நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற? நீ ஒண்ணும் பண்ணல. டாக்டருகிட்ட போயிட்டு வந்துட்டோம். ஆமா. ஆமா, நீ சொன்ன டாக்டருதான். ஞாயித்துக்கெழம வாம்மா. கறி எடுக்கிறேன். அழுவாத. இந்தா, இருக்குறா, குடுக்குறேன்."

ரிசீவர் என் கைக்கு வந்தது. சூடாக இருந்தது. பீப் பீப் என்று சத்தம், காசு முடியப்போகிற சத்தம். அதற்கு நடுவே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு,

"புவி, தூங்குறியா?"

நான் பதில் சொல்வதற்குள் போன் அறுந்தது.

திரும்பிப் பார்த்தேன். அம்மாவிடம் காசு இல்லை, கடைக்காரரிடமும் சில்லறை இல்லை. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எதிரே அர்ச்சனைத் தட்டுக் கடைப் பக்கம், ஒரு ரூபாய், ஒரு ரூபாய் இருக்குதா என்று கேட்டபடி ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள்.